சாவிக்கொத்து

ஜூன் 4

என் அன்பு அக்காவுக்கு,

எடுத்த எடுப்பிலேயே அழுகிறேன் என்று திட்டாதே. இத்தனை நாள் மறைத்தது வெட்டவெளிச்சமாகிவிட்டது. போன வாரம் சமையலறையில் வலிப்பு வந்தது. கண் விழித்தபோது கையில் சாவிக்கொத்து. வாயில் கரண்டியைத் திணித்ததில் முன்பல் பாதி உடைந்திருந்தது.

பல் போனால் போகட்டும். பிள்ளையை என்னிடம் தர மாட்டேன் என்கிறார்கள். பாலில் வியாதி இறங்கிவிடுமாம். இது தொற்றாது, தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியும் மாமியார் கேட்கவில்லை. "டாக்டர் ஆயிரம் சொல்லுவாங்க. கூட இருந்து பாத்தவங்க சொல்லட்டும்" என்கிறார் இவர்.

கூட இருந்தவள் நீதானே? ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டோமே. வலிப்பு வந்தால் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே உன் போர்வையை மடித்து வைப்பாயே. ஒரு நடை வந்து சொல்லிவிட்டுப் போ. பக்கத்து அறையில் பிள்ளை பசித்து அழுகிறது. இங்கே என் ரவிக்கை நனைகிறது.

உன் குட்டிமா

ஜூன் 11

செல்லக் குட்டிமா,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வரத்தான் துடிக்கிறேன். ஆனால் பெரியவளுக்கு வரன் கூடிவரும் நேரம். உன் விஷயம் தெரிந்தால் பரம்பரை வியாதி என்று பாதியில் எழுந்து போய்விடுவார்கள். அத்தானும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நிச்சயம் முடியட்டும், ஓடி வருகிறேன்.

அதுவரை அனுசரித்துப் போடி. புட்டிப்பால் குடித்த பிள்ளைகள் வளரவில்லையா? உன் மாமியார் மனசுக்காக அந்தச் சாவிக்கொத்தையும் இடுப்பில் செருகிக்கொள். உனக்கென்ன நஷ்டம்?

அன்புடன்,
அக்கா

ஜூலை 20

அக்காவுக்கு,

நிச்சயம் நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

நீ சொன்னபடியே அனுசரித்துப் போகிறேன். தனித் தட்டு, தனி டம்ளர். சாவிக்கொத்து இடுப்பில்தான் இருக்கிறது. மாத்திரையை மட்டும் விடவில்லை.

உன் பதிலுக்காக இவரும் காத்திருந்தார். தபால்காரர் கையிலிருந்து வாங்கி, வாசலில் நின்றே படித்தார். கோபப்படக்கூட இல்லை. "உங்க அக்காவே பயப்படறாங்க. அப்ப எங்கம்மா பயப்படறது மட்டும் தப்பா?" என்று கேட்டார்.

நேற்று மாமியார் குளிக்கப் போன நேரத்தில் பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்தேன். முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, புட்டிக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. பால் வற்றிவிட்டது அக்கா.

இனி நீ வந்து சொல்ல ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கும் என்னை அழைக்காதே. தங்கை இருக்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருக்க மாட்டாய். அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
குழந்தையின் அம்மா