உயர்த்திய கை

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியைக் கட்டியவனே நான்தான் என்பதுபோல. உன் தம்பி புது வீட்டுக்குக் குடிபோய்விட்டான், தண்ணீர் நன்றாக வருகிறதாம், அதையே மூன்று தடவை சொன்னான். போன வாரம் நீ போனில் கேட்டாயே, "எனக்கு ஜெபமே வர மாட்டேங்குதுப்பா, வேதத்தைத் திறந்தா வெறும் எழுத்துதான் தெரியுது, நீங்க மட்டும் எப்படி இத்தனை வருஷமா அசையாம இருக்கீங்க" என்று. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. பதில் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, அதுதான் விஷயம். இதைப் போனில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதுகிறேன். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் படிக்காதே, உட்கார்ந்து படி.

எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்த விபத்தைப் பற்றி நான் சொன்ன அளவுக்கு உனக்குத் தெரியும். காலை ஏழேகால் மணிக்கு நான் பஸ் எடுத்த நடை, கடைவீதி முனை, நின்றிருந்த வேனின் மறைவிலிருந்து ஒரு பெண் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார், பிரேக் பிடித்தும் பஸ் நிற்கவில்லை, அவர் இறந்துபோனார். விசாரணையிலும் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். முப்பத்தோரு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவன் என்று என் சொல்லை நம்பி, குற்றம் இல்லை என்று ஃபைலை மூடினார்கள். அடுத்த ஞாயிறு போதகர் என்னைச் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். நானும் எழுந்து நின்று, ஆண்டவர் என்னைத் தப்புவித்தார் என்று சொன்னேன். சபை முழுக்கக் கையை உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னது. அத்தனை கைகளைப் பார்த்ததும் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாப்பா, அந்தப் பெண் குறுக்கே வரவில்லை. ரோட்டில் வெள்ளைக் கோடு போட்ட இடத்தில், நடப்பவர்களுக்கென்று விட்ட இடத்தில், நடந்துகொண்டிருந்தார். வேன் நின்றது உண்மை, ஆனால் அவர் அதைத் தாண்டி நாலு அடி வந்திருந்தார். என் கண் திறந்துதான் இருந்தது, நான்தான் அங்கே இல்லை. ஓட்டும்போது முணுமுணுவென்று ஜெபிக்கிற என் பழக்கம் உனக்குத் தெரியுமே, வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராகச் சொல்லி வருவேன். அன்றைக்கு அதில் அப்படியே கரைந்து போயிருந்தேன். ரோட்டுக்குத் திரும்பி வந்தபோது அவர் என்னைப் பார்த்து ஒரு கையை உயர்த்தியிருந்தார், நிறுத்து என்று. உள்ளங்கை முழுசாகத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் பிரேக்கை மிதித்தேன்.

அந்தக் கை என்னை விடவில்லை. ஒரு பஸ் டிரைவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் கை காட்டுவார்கள் என்று யோசித்துப் பார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவர்தான் நின்றார், அவருக்குத்தான் கதவு திறந்தேன். ஒரு நாள் அம்மா ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள், அவள் உள்ளங்கை கண்ணாடியில் அப்பிக்கொண்டதைப் பார்த்து டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். சபையில் கடைசி வரிசைக்குப் போய்க் குனிந்தே உட்கார்ந்தேன், எல்லோரும் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். ஜெபத்தை மட்டும் நான் ஒரு நாளும் நிறுத்தவில்லை. காலையில் வேதம், சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்தோத்திரம், ராத்திரி அம்மாவோடு முழங்கால், எல்லாம் நேரம் தவறாமல் நடந்தது. நீ அசையாமல் என்று சொன்னாயே, அது இதுதான். முதலில் அந்தப் பழக்கத்துக்குள்தான் ஒளிந்துகொண்டேன். ஆனால் தினமும் ஒருவர் முன்னால் போய் முழங்கால் போட்டுக்கொண்டு அவரிடமே மறைப்பது எத்தனை நாள் ஓடும்? விட்டுத் தொலைத்திருந்தால் தப்பித்திருப்பேன். விடாததால் மாட்டிக்கொண்டேன்.

இறந்துபோனவருடைய கணவர் கடைவீதிக்குப் பின்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். விசாரணைக்கு அவர் வரவில்லை, மைத்துனர்தான் வந்தார், அதனால் என் முகம் அவருக்குத் தெரியாது. மூன்று தடவை கடை வாசல் வரை போய்த் திரும்பினேன். நாலாவது தடவை நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "உக்காருங்க சார், கிட்டப் பார்வையா தூரப் பார்வையா?" என்று நாற்காலியில் உட்கார வைத்து, எதிரில் எழுத்துப் பலகைக்கு விளக்கைப் போட்டுவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் படித்தேன். கடைசி வரி வரை படித்தேன். "உங்க கண்ணு அருமையா இருக்கே, உங்களுக்கு எதுக்கு சார் கண்ணாடி?" என்று சிரித்தார். அப்போதுதான் சொன்னேன். அந்த பஸ்ஸை ஓட்டியவன் நான், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் உங்கள் மனைவியைப் பார்க்கவில்லை, அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லி, வெள்ளைக் கோடு போட்ட இடத்தையும் அந்தக் கையையும் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். விளக்கை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "கையைத் தூக்கினாளா? நிஜமாவா? நிறுத்தச் சொல்லித் தூக்கினாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். "அன்னிக்குக் காலைல அவகிட்ட கன்னாபின்னான்னு கத்திட்டேன். பேசாம கிளம்பிப் போனா. நீங்க எழுதிக் குடுத்ததைப் படிச்சதுலேர்ந்து, அவளாவே வந்து விழுந்துட்டாளோன்னு நெனச்சு நெனச்சு செத்துக்கிட்டிருக்கேன்" என்றார். பாப்பா, நான் பார்த்தது ஒரு கையை. என் நாலு வரிப் பொய்யை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எட்டு மாதமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. என்னை மன்னியுங்கள் என்று ஆரம்பித்தேன். "அதை இப்பக் கேக்காதீங்க, எங்கிட்ட இல்ல. நடந்ததை எழுதிக் குடுங்க. அவ அம்மாவுக்குக் காட்டணும்" என்றார். அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்னொரு பிரதியை டிப்போவில் கொடுத்தேன். மேனேஜர், "முடிஞ்சுபோன ஃபைலை எதுக்குண்ணே தூசி தட்டுறீங்க, பென்ஷனுக்கு ரெண்டு வருஷம்தானே இருக்கு" என்று தாளைத் திருப்பி நீட்டினார். நான் வாங்கவில்லை. இப்போது என்னை பஸ்ஸிலிருந்து இறக்கி, உதிரிபாக அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். மறுபடி விசாரணை வருகிறது. லைசென்ஸ் போகலாம், வழக்கும் வரலாம். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். "எட்டு மாசமா பக்கத்துல முழங்கால் போட்டேனே, எங்கிட்ட சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள், பேச்சு மட்டும் இன்னும் மாடிப்படியில் திட்டுவதோடு சரி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. கை இன்னும் வருகிறது. நேற்றுக்கூட உதிரிபாக அறைக் கதவில் வந்தது. முன்பெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், இப்போது திருப்புவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உனக்கு ஜெபம் வரவில்லையென்றால், வரவில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டு எழுந்து உன் வேலையைப் பார். நான் எட்டு மாதம் சொன்ன அழகான ஜெபங்களைவிட அது மேல். பொய் சேராத ஒரு வரி போதும், ஆனால் அதைத் தினமும் சொல். இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் போட்டு ஓடி வராதே. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் மறைக்காமல் எல்லாம் சொல். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் பார்த்துக்கொள்வார், உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பார்.

ஒன்றை மறந்துவிடாதே. விசாரணை வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த நேரம் உனக்கு ஒரு வார்த்தையாவது ஜெபம் வந்தால், முதலில் அந்தக் கண்ணாடிக் கடைக்காரருக்காகச் சொல். மிச்சம் இருந்தால் எனக்கு.

உன்னிடம் இனி எதையும் மறைக்காத,
அப்பா