திருத்தம் நின்றுபோன அமாவாசை

இன்று காலை தெருமுனையில் யாரோ பழைய அட்டைப்பெட்டிகளைக் கொளுத்தினார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் காப்பியை வேட்டியில் கொட்டிக்கொண்டேன். கொளுத்தியவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நீ போய் மூன்று மாதமாகிறது.

முதலாளியின் கொட்டகையில் நான்கு தறி. நாங்கள் நெய்தோம், நீ அட்டை அடித்தாய். துளையிட்ட அந்த அட்டைகள் தறியின் மேல் வரிசையாகச் சுற்றினால்தான் புடவைக் கரையில் அன்னம் விழும். ஒரு துளையை மாற்றினாலும் உடனே நோட்டில் தேதி போட்டு எழுதுவாய். அதே வடிவத்துக்கு இன்னொரு கட்டு, செவிலிமேட்டில் உன் அக்கா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. தறி ஓடாத அமாவாசை நாளில் அங்கே போய், அந்த மாதத்துத் திருத்தங்களை அதிலும் ஏற்றிவிட்டு வருவாய்.

எழுபதுகளில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தோமே, அதன் மூன்றாவது வாரம் அமாவாசை வந்தது. கொட்டகை முன் கூட்டம். நீ நோட்டை மடியில் செருகிக்கொண்டு உள்ளேயிருந்து வெளியே வந்தாய். "முதலாளிக்கு அட்டை அடிச்சிக்கினு இருக்கான்டா துரோகி!" என்று ஒருவன் கத்தினான். எனக்கு அது போதுமாயிருந்தது. கையிலிருந்த தறிக்கட்டையால் மூன்று அடி அடித்தேன். இரண்டாவதில் உன் வலது மணிக்கட்டு ஒடிந்த சத்தம் கேட்டது. கேட்டும் மூன்றாவதை அடித்தேன். பின்னால் யாரோ வைத்த தீயில் கொட்டகைக் கூரை பற்றியது. தறிகளையும் பாதி நெய்த முகூர்த்தப் புடவைகளையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். அட்டைகள் சாம்பலாயின. யார் அடித்தது என்று போலீஸ் கேட்டபோது, "கூட்டத்துல தெரியலங்க" என்றாய். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் விழுந்தாய்.

நிறுத்தம் முடிந்தது. புடவைகளை முடிக்காவிட்டால் நான்கு வீட்டில் அடுப்பெரியாது. செவிலிமேட்டிலிருந்த அட்டைகளை எடுத்துவந்தேன். நீ கடைசியாகச் செய்த திருத்தங்கள் எல்லாம் அமாவாசைக்கு முந்தியவை. அமாவாசைதான் கடந்துவிட்டதே, எல்லாம் ஏறியிருக்கும் என்று அப்படியே தறியில் மாட்டினேன். முன்பாதியில் தலைநிமிர்ந்திருந்த அன்னம் பின்பாதியில் கழுத்தில்லாமல் வந்தது. புடவையே பாழ். உன் வீட்டுக்கு வந்து, "இதான் நீ திருத்தின லட்சணமா?" என்று கத்தினேன்.

கையில் மாவுக்கட்டோடு நிமிர்ந்தாய். "அன்னிக்கு அதுக்குத்தான்பா கெளம்பினேன். நீதான வழியில நின்னுக்கினு இருந்த?"

உட்கார்ந்து அழுதேன். நீ நோட்டைப் பிரித்தாய். நீ படிக்க, நான் துளை போட்டேன். அவசரத்தில் பிந்திய திருத்தத்தை முதலில் செய்யப் போனேன். "அடங்குபா. நடந்தது நடந்த வரிசையில வரட்டும்" என்றாய். மூன்றாம் நாள் அன்னத்துக்குக் கழுத்து வந்தது. மற்ற மூன்று புடவைகளும் பிழைத்தன. உன் மணிக்கட்டு திரும்பவேயில்லை. அதன்பின் கடைசிவரை நீ படித்தாய், நான் அடித்தேன். ஒருநாளும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவிடாமல் அடுத்த வரியைப் படித்துவிடுவாய்.

உன்னை எடுத்த அன்று உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் பாவி ஒடச்சானோ, இத்தன வருசம் நீங்கதாண்ணா அவருக்குக் கையா இருந்தீங்க."

அவளிடம்கூட நீ சொல்லவில்லை. நான்தான் சொல்லவேண்டும். மூன்று மாதமாகத் தினமும் உன் வாசல்வரை போகிறேன். "வாங்கண்ணா" என்று அவள் காப்பி கொடுக்கிறாள். குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.