வெல்டா அத்தையின் பதில் பாட்டு

அன்பு மகள் எல்வீராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மாடு கன்றுகளும் சுகம், அயர்லாந்து மழையில் நீயும் உன் தொண்டையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

உன் குழுவின் பாட்டு ரேடியோவில் வந்தது, பால் கறந்துகொண்டிருந்தேன், டிரம் சத்தம் கேட்டதும் மாடு வாளியை உதைத்துவிட்டது, பூனைக்குத்தான் யோகம். மடியில் வைத்து மீட்டுகிற கோக்லேயை மின்சாரத்தில் மாட்டி இப்படி அலறவிடலாமா என்று நினைத்தேன், குனிந்து பார்த்தால் என் கால் தாளம் போடுகிறது, அம்மாவிடம் சொல்லிவிடாதே. ஆனால் பெண்ணே, நடுக்கோடை யாணிப் பண்டிகை இரவில் நெருப்பைச் சுற்றி நின்று பக்கத்துப் பண்ணை வெல்டா அத்தையைப் பாட்டுக் கட்டிக் கிண்டலடிப்பாயே, களையெடுக்காத சோம்பேறி, கேரட் தேட நாயைத்தான் விடணும் என்று, அதைப் பேரோடு ரெக்கார்டில் போட்டுவிட்டாயே! இப்போது பாதிரியார்கூட அதை முணுமுணுத்துப் பாடுகிறார். அவள் வேலியோரம் வந்து, "ஏன்யா குன்டார்ஸ், உம் மக நேர்ல பாடுனா நானும் திருப்பிப் பாடி அவ மூக்க உடைப்பேன், அப்புறம் சேந்து பீர் குடிப்போம். இப்ப அந்தப் பொட்டிக்கா பதில் பாடுறது? அது வாங்கிக்கிட்டுச் சிரிக்குமா?" என்று கேட்டாள். நியாயம்தானே, அவள் முறையை நீ பறித்துவிட்டாய். இந்த வருஷம் நம் நெருப்புக்கு வரமாட்டாளாம், அவள் கையால் செய்கிற சீரகப் பாலாடைக்கட்டியும் கிடையாதாம். நானே செய்கிறேன் என்கிறாள் உன் அம்மா, முன்பு அவள் செய்ததை நாய் மோந்துவிட்டுப் போனது ஞாபகம் இருக்கும், என் வயிற்றுக்காகவாவது இரக்கப்படு.

நேற்று சமாதானம் பேசப் போனேன். அவள் தோட்டத்தில் ஒரு புல் இல்லை, அத்தனையும் பிடுங்கிவிட்டாள். குனிந்தபடி வாய்க்குள் ஏதோ பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, "உம் மக வந்தா வரேன், வந்து பாடுறேன், கேட்டுக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு நம் தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள் பார், எனக்கு வேர்த்துவிட்டது. என் இடுப்பு குனியமாட்டேன் என்கிறது, பீட்ரூட் எது புல் எது என்று மாட்டுக்கே தெரியவில்லை. மூன்று வருஷமாக யாணிக்கு வராமல் வேலை வேலை என்றாய், இந்த முறை அந்தச் சாக்கு செல்லாது. அந்த மின்சாரக் கோக்லேயை அங்கேயே விட்டுவிட்டு வாயை மட்டும் கொண்டு வா, அவள் எதிரே நின்று வாங்கிக்கொள். பண்டிகைக்கு நீ சூடும் பூக்கிரீடத்துக்கு எந்த மேட்டில் பூ பறிப்பது என்று அம்மா இப்போதே பார்த்து வைத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன்.

கடவுள் உன்னையும் உன் குரலையும் காப்பாற்றட்டும். பண்டிகைக்கு முன்னமே வந்துவிடு, கையுறை மறக்காதே, நம் பாத்தியெல்லாம் முள். வந்த வேகத்தில் அத்தனையையும் பிடுங்கிவிடாதே, ஒரு பாத்தியை விட்டு வை, அத்தைக்கும் பாட ஏதாவது வேண்டுமே.

இப்படிக்கு,
களைகளோடு காத்திருக்கும் அப்பா
குன்டார்ஸ்