கயிற்றில் கட்டிய நான்காவது அறை

தலைவரே,

இன்று காலை என் பழைய அறையைக் காலி செய்துகொண்டிருந்தோம். புதுக் கட்டடத்துக்கு மாறுகிறோம். பீரோவின் அடித்தட்டில், பழைய வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் கையை விட்டபோது ஒரு கயிறு தட்டுப்பட்டது. உங்கள் நைலான் கயிறு. ஆறடிக்கு ஒரு பச்சைச் சேலைக் கிழிசல் முடிந்திருக்கிறது. முனையில் மயில்துத்தக் கறை. மூக்கருகே கொண்டுபோனேன். திராட்சைத் தோட்டத்து மருந்து வாடை இன்னும் போகவில்லை. "இதக் குப்பையில போட்ரவா டீச்சர்?" என்று கேட்டார் அலுவலக உதவியாளர். நான் பார்த்த பார்வையில் அடுத்த அரை மணி நேரம் மனிதர் என் பக்கமே வரவில்லை. என் கோபம் உங்களுக்குத் தெரியாததா?

உங்களைத் 'தலைவரே' என்று நான் கூப்பிட ஆரம்பித்தது கேலிக்குத்தான். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோரில் ஒருவர் தலைவராக இருக்க வேண்டும். அன்றைய கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ, அங்கே இல்லாத உங்கள் பெயரைச் சொல்லிவிட்டார்கள். மலையில் ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப்பில் வந்து இறங்கி, ஏலக்காய் மணக்கும் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டபடி நீங்கள் வந்து வாசலில் நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. "வாங்க தலைவரே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்காராமல் என்னைக் கேட்டீர்கள்.

"டீச்சர், இந்தப் பள்ளிக்கூடத்துல எத்தன புள்ளைக ஒக்காந்திருக்கு, எத்தன புள்ளைக நிக்குது?"

எனக்குப் புரியவில்லை. வருகைப் பதிவேட்டைக் காட்டினேன்.

"அது இல்ல டீச்சர். ஜீப்புல ஏறயில கங்காணி எங்களக் கேப்பாக, உள்ள எத்தன, தொங்குறது எத்தனன்னு. அது மாதிரிக் கேக்குறேன்."

அன்று எங்கள் பள்ளி அப்படித்தான் இருந்தது. ஆறாம் வகுப்பு வேப்பமரத்தடியில். ஆய்வகத்தில் ஒன்பதாம் வகுப்பு. ஏழும் எட்டும் ஒரே ஹாலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எட்டாம் வகுப்பில் வரலாற்றுக் கேள்வி கேட்டால் ஏழாம் வகுப்பிலிருந்து பதில் வரும், அதுவும் சரியான பதிலாக. பத்தாவது முடித்தால் பிளஸ் ஒன்னுக்குக் கம்பத்துக்கோ உத்தமபாளையத்துக்கோ போக வேண்டும். அங்கேயும் இதே நெரிசல். பையன்கள் பஸ் படிக்கட்டில் தொங்கியாவது போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள்.

நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்தது. "டீச்சர், போன வருசம் மொத மார்க்கு எடுத்துச்சே ஒரு புள்ள, அது நேத்து எங்க ஜீப்புல வந்துச்சு. எடமில்ல. கம்பம்மெட்டு ஏத்தம் முடியுற வரைக்கும் எம் மடியிலதான் ஒக்காந்து வந்துச்சு" என்றீர்கள். அந்தப் பிள்ளைக்கு மேடையில் பரிசு கொடுத்து, கைதட்டி, போட்டோ எடுத்து அனுப்பிவைத்தவள் நான். அதற்கப்புறம் ஒரு தடவைகூட விசாரிக்காதவளும் நான்தான். 

இரண்டு வருட மனுக்களுக்குப் பிறகு பள்ளியை மேல்நிலையாக உயர்த்த உத்தரவு வந்தது. நான்கு வகுப்பறை கொண்ட கட்டடம். என்னென்ன குரூப் வேண்டும் என்று தலைமையாசிரியையான நான் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் ராயப்பன்பட்டிக்காரி, கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். எதையும் கட்டம் போட்டு எழுதித்தான் பழக்கம். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்து திட்டம் போட்டேன். காமர்ஸ், வரலாறு, அக்ரி என்கிற விவசாயம். நான்காவது அறை எனக்கும் அலுவலகத்துக்கும். சயின்ஸ் குரூப் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். லேபுக்கு எங்கே போவது? நம் பிள்ளைகளுக்குச் சுலபமானதைக் கொடுப்போம், பாஸாகிப் போகட்டும் என்பது என் எண்ணம். நல்ல எண்ணம்தான் என்று அன்று சத்தியம்கூடச் செய்திருப்பேன்.

கூட்டத்தில் நான் வாசித்து முடித்ததும் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வெவசாயம் படிக்க எதுக்கு டீச்சர் பள்ளிக்கூடம்? எங்கூடத் தோட்டத்துக்கு அனுப்புங்க, நான் சம்பளத்தோட சொல்லித்தாரேன்." எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை சிரிக்காதது நான்.

வரைபடம் உங்களுக்குப் பிடிபடவில்லை. கட்டட வேலைக்கு வந்திருந்த இளம் பொறியாளர் தம்பி தாளை விரித்து விரலால் காட்டினார். நீங்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தீர்கள். "தாள்ல எல்லாரும் ஒல்லியாத் தெரியுறாக சார். தரையில போட்டுப் பாப்பமா?" என்றீர்கள். மறுநாள் சனிக்கிழமை, மலைக்குப் போகாமல் இந்தக் கயிற்றோடும் ஒரு கட்டு முளைக்குச்சியோடும் வந்தீர்கள். திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் நடக் குழி அளக்கிற கயிறு. ஒரு காலத்தில் உங்கள் வீட்டுக்காரரோடு பந்தல் வேலைக்குப் போனபோது அளவு எல்லாம் உங்கள் கைதான் என்று பெருமையாகச் சொன்னீர்கள்.

நீங்கள் முளையடித்துக் கயிறு கட்டி முடித்தபோது, மைதானத்தில் முழுக் கட்டடமும் படுத்தாற்போல் கிடந்தது. அறை, வராந்தா, படிக்கட்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வரச் சொல்லி, மூன்று வகுப்புக் கட்டங்களிலும் உட்காரவைத்தேன். கட்டடம் முடியும்போது முதல் பிளஸ் ஒன் அவர்கள்தான். "மணி அடிச்சாச்சு, வெளிய வாங்க எல்லாரும்!" என்று நீங்கள் கத்தினீர்கள். மூன்று கட்டத்திலிருந்தும் பையோடு ஓடிவந்த பிள்ளைகள் வராந்தாக் கயிற்றுக்குள் இடித்துக்கொண்டு நின்றார்கள். பொறியாளர் தம்பி சிரித்துவிட்டு, தாளை மடித்து அதன் முதுகில் குறித்துக்கொண்டார். இன்று அந்த வராந்தாவில் நான்கு பேர் கை கோத்து நடக்கலாம்.

அதோடு முடிந்திருந்தால் நமக்குள் சண்டை வந்திருக்காது. நான் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, இது காமர்ஸ், இது வரலாறு, இது அக்ரி, அவரவருக்கு வேண்டியதில் போய் நில்லுங்கள் என்று சொன்னேன். பிள்ளைகள் நகருவதற்குள், என் அலுவலக அறையின் கட்டத்தைக் காட்டி நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"இதுவும் ஒரு வகுப்புன்னு வைங்க டீச்சர்."

"இது என்ன வகுப்பு?"

"பேரெல்லாம் இல்ல. அந்த மூணும் புடிக்காத புள்ள எங்கன போய் நிக்கும்? அதுக்கு ஒண்ணு."

பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். காமர்ஸில் கொஞ்சம் பேர் போய் நின்றார்கள். வரலாற்றில் மூன்று பையன்கள், அவர்களும் நிழல் விழுந்ததால் போனவர்கள். ஒருத்தியைத் தவிர மற்ற அத்தனை பேரும் பேரில்லாத உங்கள் கட்டத்துக்குள் போய் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. எல்லார் முன்னாலும் உங்களைப் பார்த்து, "இது என்ன திருவிழாவா? விளையாட்டுக் காட்டுறீங்களா?" என்று கத்தினேன். நீங்கள் அந்தக் கட்டத்தைக் கைகாட்டினீர்கள். போய்க் கேட்டேன். ஒருத்திக்கு நர்ஸாக வேண்டும். ஒருத்திக்குக் கம்ப்யூட்டர். ஒருத்தி, "என்னன்னு தெரியல டீச்சர், ஆனா சயின்ஸ் வேணும்" என்றாள். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் நான் அதைக் கேட்டதில்லை.

அப்போதுதான் நீங்கள் அக்ரி கட்டத்தைப் பார்த்தீர்கள். உள்ளே ஒரே ஒரு ஆள். உங்கள் மகள் பவித்ரா.

"ஏ ஆத்தா! அங்கன என்னடி பண்ற? வெளிய வா!"

"நான் இங்கனதாம்மா நிப்பேன்."

"எதுக்குடி? மம்பட்டி புடிக்கவா?"

"அப்பா போட்ட கொடி ஏம்மா செத்துச்சு? மருந்துக்கடையில ஒண்ணு சொன்னாக, தோட்டத்துக்காரக ஒண்ணு சொன்னாக. ஒருத்தருக்கும் தெரியல. எனக்குத் தெரியணும்."

உங்கள் குத்தகைத் திராட்சைத் தோட்டம் காய்ந்துபோன கதையை ஊரில் எல்லோரும் அறிவோம். கொடி பட்ட அந்த வருடத்தில்தான் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மலைக்குக் கூலி வேலைக்குப் போக ஆரம்பித்தீர்கள். உங்கள் முகம் அன்று போன போக்கை நான் மறக்கவில்லை. சற்று முன் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பது உங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் கயிற்றைக்கூடச் சுருட்டாமல் போய்விட்டீர்கள். நான்தான் முளைகளைப் பிடுங்கி, சுருட்டி, பீரோவில் வைத்தேன்.

ஒரு வாரம் நீங்கள் வரவில்லை. நான் திட்டத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். எனக்குப் படிக்கட்டடியில் ஒரு மேஜை போதும் என்று, புதுக் கட்டடத்தில் என் அறையை லேபுக்கு விட்டுக்கொடுத்தேன். வரலாற்றை எடுத்துவிட்டு பயாலஜி வைத்தேன். அக்ரி கட்டத்தை மட்டும் உங்களைக் கேட்காமல் நிரப்ப மனமில்லாமல் காலியாக விட்டிருந்தேன். எட்டாம் நாள் வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலே சொன்னீர்கள்: "அவ நின்ன ரூமையும் எழுதிருங்க டீச்சர். அவளுக்குத் தெரியணுமாம்ல."

அக்ரிக்குப் பதினைந்து பேராவது சேர்ந்தால்தான் நடத்தலாம் என்றார்கள். கையில் இருந்தது ஒரே ஒரு பிள்ளை. விவசாயம் படிக்கப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்ட அதே வாயால் நீங்கள் ஆள் பிடிக்கக் கிளம்பியதுதான் வேடிக்கை. ஜீப் கிளம்பும் இடத்தில் கேட்டீர்கள். கூடலூர்ச் சந்தையில் கேட்டீர்கள். சனிக்கிழமை குச்சனூர்க் கோயில் வரிசையில் எள்விளக்கோடு நின்றவர்களையும் விடவில்லையாம். "சனீஸ்வரன் புடிச்சா ஏழரை வருசத்துல விட்ருவாரு, இந்தம்மா விடாது போலயே" என்று ஒருவர் அலுத்துக்கொண்டதை நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். காலண்டர் தாளின் முதுகில் பதினொரு பெயர் சேர்ந்திருந்தது.

ஐப்பசி மழையில் காய்ச்சலோடு மூன்று நாள் மலைக்குப் போயிருக்கிறீர்கள். யாரிடமும் சொல்லவில்லை. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரண்டாம் நாள், நீங்கள் போய்விட்டீர்கள் என்று எனக்குப் போன் வந்தது. நான் அப்போது வகுப்பில் இருந்தேன். வெளியே வந்து அஸ்திவாரக் குழிகளின் ஓரத்தில் நின்று அழுதேன். நீங்கள் அளந்த இடத்தில்தான் குழி வெட்டியிருந்தார்கள். எல்லார் முன்னாலும் கத்தியதற்கு உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. கேட்டால் நீங்கள், "அட விடுங்க டீச்சர்" என்றிருப்பீர்கள். அதனால்தான் நாளை, நாளை என்று இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

காலண்டர் தாள் என்னிடம் இருந்தது. நானும் போனேன், தலைவரே. விடியற்காலை ஜீப் வரிசையில் நின்று கேட்டேன். ஆள் சேர்க்க எனக்குச் சாமர்த்தியம் போதாது. ஒருத்தியிடம் போய் பாடத்திட்டத்தையே விளக்கிக்கொண்டிருந்தேன், ஜீப் கிளம்பிப் போய்விட்டது. பதின்மூன்றில் நின்றது. கடைசி இரண்டு பேரை உங்கள் ஜீப்பில் வருகிற பெண்களே கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "எங்க தலைவரு கணக்கு, எழுதிக்கங்க" என்று உட்காரவைத்தார்கள். நான் கேலியாக வைத்த பெயரை ஊரே எடுத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் பவித்ரா பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். பயாலஜியில் இடம் தருகிறேன் என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்ப்பீர்களே ஒரு பார்வை, அதே பார்வை பார்த்தாள்.

இன்று மதியம் அவளே வந்தாள். பின்பக்கம் செய்முறைத் தோட்டத்துக்கு இடம் அளக்க வேண்டுமாம். மேஜைமேல் கயிற்றைப் பார்த்தவுடன் எடுத்துக்கொண்டாள். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

"உங்க அம்மா நினைவா வச்சிருக்கேம்மா" என்றேன்.

"அளக்குற கயிறு டீச்சர். பீரோவுக்குள்ள இருந்து என்ன செய்யப்போகுது?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் பின்னால் போனேன். பதினைந்து பேரும் முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்கு ஒரு கட்டம், கீரைக்கு ஒன்று, திராட்சைக் கொடிக்கு ஒன்று. மீதிக் கயிற்றில் பவித்ரா ஓரமாக இன்னொரு கட்டம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அது எதுக்குடா?"

"தெரியல டீச்சர்." அவள் முடிச்சிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அம்மா எப்பயும் ஒண்ணு கூடப் போடும்ல."

நாளை புதுக் கட்டடத்தில் முதல் மணி அடிக்கும். இனி எந்தத் திட்டம் எழுதினாலும் என் தாளில் ஒரு கட்டம் பேரில்லாமல் இருக்கும், அதை நிரப்பப் பிள்ளைகளைத்தான் கேட்பேன். பிள்ளைகள் கை கழுவப் போன பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் கயிற்றைத் தாண்டி, அந்தக் காலிக் கட்டத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன், தலைவரே.