அளவாகப் போட்ட தப்புகள்

8 ஜூலை 1996, திங்கள்

காலையிலிருந்து சாரல். துவைத்த துணியெல்லாம் ஹாலில் கொடி கட்டித் தொங்குகிறது. அதற்கு அடியில்தான் டியூசன். ஒன்பது பிள்ளைகள், தலைக்கு மேல் ஈரப் பாவாடை.

மாலை 5.30க்கு ஒரு புது அம்மா. சாந்தாமணி, பீளமேடு பின் தெரு. கூட மகள் நித்யா. மூன்றாம் வகுப்பு, வகுப்பில் இரண்டாம் ரேங்க். இரண்டாம் ரேங்குக்கு எதற்கு டியூசன்?

"ஏனுங்க மிஸ், மொத ரேங்க் வாங்கற புள்ள ரெண்டு டியூசன் போகுதுங்க. இவ ஒண்ணுக்காச்சும் போகோணுமில்லீங்களா?"

நாலு கணக்குக் கொடுத்தேன். அடுத்த வகுப்புக் கணக்கு. பென்சிலைச் சீவி முடிப்பதற்குள் மூன்றுக்கு மனக்கணக்காகவே விடை சொல்லிவிட்டாள். தேவையில்லை என்றேன். இரண்டு தடவை சொன்னேன். சாந்தாமணி தலையாட்டிவிட்டு, பையைக் கொடிக்கு அடியில் வைத்துவிட்டு, மகளை விட்டுப் போய்விட்டார்.

10 ஜூலை, புதன்

வாங்க வேண்டியது: சாக்பீஸ், பாமாயில், குடைக்குக் கம்பி.

நித்யா பத்து நிமிடத்தில் எல்லாம் முடித்துவிட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன என்றேன்.

"என் பொறந்த நாள் ஆகஸ்ட் இருவதுங்க மிஸ். இந்த வருசம் செவ்வாக்கிழமை. ரெண்டாயிரத்துலதான் ஞாயித்துக்கிழமை வருது. லீப் வருசமாப் போச்சா, சனிக்கிழமையைத் தாண்டிக் குதிச்சிருது."

பிள்ளைகள் போனபின் எண்ணிப் பார்த்தேன். சரி. இதற்கு நான் என்ன சொல்லிக் கொடுக்க?

15 ஜூலை, திங்கள்

காற்று. கரும்பலகை இரண்டு தடவை விழுந்தது. ஒரு மூலை உடைந்தது.

சாந்தாமணியைக் கேட்டிலேயே நிறுத்தி மறுபடி சொன்னேன். இவளுக்கு டியூசன் வேண்டாம், சாயங்காலம் விளையாடட்டும்.

"நீங்க வேண்டாம்னா வேற எடம்தான் பாக்கோணுமுங்க. மெயின் ரோட்டுல ஒரு சார் இருக்காராமா. பெரம்புதானாமா."

பிரம்புக்கு இது மேல். வரட்டும் என்றேன். நியாயம் அவ்வளவுதானா? அவள் வரும் நாளில் எனக்கும் கொஞ்சம் உற்சாகம். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னால், "வந்த புள்ளையை வேண்டாங்கற டியூசன் மிஸ் நீ ஒருத்திதான்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

22 ஜூலை, திங்கள்

தலைவலி.

மாதத் தேர்வு முடிவு. நித்யா பதினோராம் ரேங்க். கணக்கில் 54.

சாந்தாமணி விடைத்தாளை ஆட்டிக்கொண்டே வந்தார். "பாத்தீங்களா மிஸ்? நான் அப்பவே சொன்னனில்லீங்களா, டியூசன் வேணும்னு! இனிக் காலையிலயும் அனுப்பிப்போடறனுங்க."

டியூசனுக்கு வந்த பிறகுதான் அம்மா இவள் இறங்கியிருக்கிறாள் என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. விடைத்தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

எட்டேழு 54 என்று எழுதியிருக்கிறாள். அடியில் ரப்பரால் அழித்த தடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். 56. இன்னும் ஆறு இடங்களில் இதே கதை. சரியானதை அழித்துவிட்டுத் தப்பை எழுதியிருக்கிறாள்.

23 ஜூலை, செவ்வாய்

மற்றவர்களை அனுப்பிவிட்டு நி.யை மட்டும் இருக்கச் சொன்னேன். முறுக்கு கொடுத்தேன். விடைத்தாளைக் காட்டினேன். முறுக்கை ஒரு சுற்று உடைத்தாள்.

"தெரியாதவங்கதானுங்க மிஸ் டியூசன் வருவாங்க?"

"ம்."

"அம்மா என்னை அனுப்பறாங்கல்ல. அப்ப எனக்கும் தப்பு வரோணும்ல?" பிறகு அவசரமாக, "நெறையப் போடலீங்க மிஸ். அளவாத்தான் போட்டேன்."

சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போயிற்று. எட்டு வயது. தனக்குத் தெரியாது என்று அம்மா நினைக்கிறாள், அம்மா தப்பாக நினைக்கமாட்டாள். அதற்குத் தோதாக ரப்பரை எடுத்திருக்கிறாள். அந்த நாட்களிலெல்லாம் என் ஹாலில்தான் உட்கார்ந்திருந்தாள், வாரம் ஐந்து நாள்.

24 ஜூலை, புதன்

சாந்தாமணியை வரச் சொன்னேன். சொன்னதை நம்பவில்லை. அதே கேள்விகளை வேறு தாளில் எழுதி, நி.யை அவர் முன்னாலேயே செய்யச் சொன்னேன். "தப்பே வேண்டாம் கண்ணு. ஒண்ணுகூட வேண்டாம்." பன்னிரண்டு நிமிடம். எல்லாம் சரி.

சாந்தாமணி தாளை நாலாக மடித்தார். மகளை வெளியே போய் விளையாடச் சொல்லிவிட்டு, குரலை இறக்கி,

"நான் அஞ்சாவதோட நின்னவளுங்க மிஸ். ஊட்டுல இவ கேக்கற எதுக்கும் எனக்குப் பதில் தெரியறதில்ல. எங்கிட்டயே கெடந்தா இவளும் இப்படியே ஆயிருவாளோன்னுதானுங்க..."

இத்தனை நாள் இந்த அம்மாவின் மேல் மனத்துக்குள் எரிந்து விழுந்தது உறுத்தியது.

"தெரியலைன்னு சொல்லுங்க. அவளையே சொல்லித் தரச் சொல்லுங்க."

"அம்மாவுக்குத் தெரியலைன்னு புள்ளகிட்டச் சொல்றதுங்களா?"

"ஆமா. அவதான் உங்களுக்கு டியூசன்."

வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார். பையை அவரே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

26 ஜூலை, வெள்ளி

நி. வரவில்லை. நல்லது. காலண்டர் பக்கம் இடம் காலி. மின்சாரம் இல்லை. பிள்ளைகள் காட்டுக் கூச்சல்.

21 ஆகஸ்ட், புதன்

மாதத் தேர்வு முடிவு வந்துவிட்டதாம். நித்யா முதல் ரேங்க். சாந்தாமணி வழியில் நிறுத்திச் சொன்னார். தினமும் சாயங்காலம் மகள் இவருக்கு வகுத்தல் சொல்லித் தருகிறாளாம். "என்னைய ரெண்டு தடவை முட்டி போடச் சொன்னாளுங்க மிஸ்." முகமெல்லாம் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்தால் கேட்டில் மூன்று அம்மாக்கள்.

"அந்தப் புள்ளையைப் பதினொண்ணுலருந்து மொத ரேங்குக்குக் கொண்டாந்துபோட்டீங்களாமா?"

அவள் ஒரு மாதமாக இங்கே வருவதே இல்லை என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மிஸ்ஸுக்கு அடக்கமாம்.

ஒருத்தியின் கையைப் பிடித்தபடி எல்கேஜி படிக்கும் பெண். "நூறு வரைக்கும் சொல்லுவாளுங்க. இருந்தாலும் இப்பவே சேத்திப்போட்டா நல்லதுன்னு..."

நான் தேவையில்லை, தேவையில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தக் குழந்தை எங்களில் யாரையும் பார்க்கவில்லை. என் கேட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தது. பதினேழு என்றது.

அவர்கள் போனபின் எண்ணினேன். பதினேழுதான்.