பாத்துக்கலாம் என்றால் யார் பார்ப்பது?

என் வாயாடி கோமதிக்கு,

நீ பாதியில் விட்டுப் போன டயாலிசிஸ் பிரிவைப் போன வாரம் திறந்தாகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "தொறந்தீகளா இல்லையாடி" என்று கடைசி வரை நச்சரிப்பாய். இந்தக் கடிதம் ஆஸ்பத்திரி ஆண்டு மலரில் வரப்போகிறது. அதனால் உன்னைத் திட்ட வேண்டிய இடங்களில் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கிறேன்.

மாரடைப்பில் நீ போன மறு வாரமே டிரஸ்டி சார் என்னை ஆஸ்பத்திரித் திட்டப் பிரிவில் உன் நாற்காலியில் உட்காரச் சொன்னார். இத்தனை வருடம் பக்கத்து மேசையிலிருந்து உன்னோடு மல்லுக்கட்டியதற்கு அதுதான் தண்டனை போல.

உன் அம்மா அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் மாறி, ஊரின் வடக்குக் கோடிக்குப் போய்த்தான் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். திரும்பி வந்து படுத்தால் அன்றைக்கு எழுந்திருக்க முடியாது. திருப்பரங்குன்றத்தில் நம் பிரிவு திறந்துவிட்டால் ஒரே ஆட்டோ. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "எப்ப ஈஸ்வரி தொறப்பீக?" என்று கேட்பார்.

நம் கூட்டங்கள் எப்படி முடியும் என்று உனக்குத் தெரியாதா? டீ வரும், வடை வரும், யாராவது "பாத்துக்கலாம் சார்" என்பார்கள், எல்லாரும் நிம்மதியாக எழுந்துவிடுவோம். நீ மட்டும் அசையமாட்டாய். "பாத்துக்கலாம்னா யாரு பாக்குறது? அந்த வார்த்தைக்குள்ள ஆளே இல்லையே! ஒரு பேரச் சொல்லிட்டு எந்திரிங்க" என்பாய். இவளுக்கு வீடு வாசல் கிடையாதா என்று நான் பல்லைக் கடிப்பேன்.

வேலை முடிகிற நேரத்தில் டிரஸ்டி சாருக்கு வாசலில் ஒரு பிள்ளையார் சன்னதி கட்ட ஆசை வந்துவிட்டது, அதுவும் அதே தேதிக்குள். "பிள்ளையார் வேணாம்னு சொல்லல சார். அவரு உள்ள வந்தா எந்த வேலை வெளிய போகும்னு நீங்களே சொல்லிருங்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். சன்னதி தை மாதத்துக்குப் பிறகு என்று முடிவானது. ஒரு வேலைக்கு எல்லை கட்டுவதே தனி வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் கடைசிக் கூட்டம். திறப்பு விழாப் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் எல்லாவற்றையும் தாங்குமா என்று கேட்டேன். மின்சார வேலை எடுத்திருந்த பாண்டி அண்ணே, "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றார். தண்ணீரைச் சுத்திகரிக்கும் பிளாண்ட் போட்ட கம்பெனிக்காரரும் தலையாட்டினார். "தண்ணி மோட்டாருக்கு ஜெனரேட்டர் லைன் இழுத்தது யாரு?" என்றேன். பாண்டி அண்ணே கம்பெனிக்காரரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். "அது அவுக வேலைதானே?" என்றார்கள் இரண்டு பேருமே.

மெயினை அணைக்கச் சொன்னேன். ஜெனரேட்டர் ஓடியது, விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. தண்ணீர் மோட்டார் மட்டும் செத்துக் கிடந்தது. தண்ணீர் நின்றால் டயாலிசிஸும் நிற்கும். ஒருத்தர் ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி நிற்கலாமா?

"விழா முடியட்டும்மா, அப்புறம் லைன இழுத்துக்கிருவோம்" என்றார் டிரஸ்டி சார். முடியாது என்றேன். சொல்வது சுலபமில்லை கோமதி. தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் உன் அம்மா அல்லவா பஸ்ஸில் நிற்க வேண்டும்! லைன் இழுப்பது பாண்டி அண்ணே, சோதித்துக் கையெழுத்துப் போடுவது கம்பெனிக்காரர் என்று அவரவர் வாயாலேயே சொல்லவைத்தேன். திறக்கலாம் என்று சொல்ல வேண்டியது நான், தப்பானால் என்னைக் கேளுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். விழா இரண்டு வாரம் தள்ளிப்போனது. அதுவரை டிரஸ்டி சார் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று சாயங்காலமே உன் வீட்டுக்குப் போய், "என்னாலதான்மா தள்ளிப்போகுது" என்று நேராகச் சொன்னேன். அம்மா எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். கோபமா, அசதியா? எனக்குத் தெரியவில்லை. வீடு வந்து சேரும் வரை உன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டு அப்படி என்னடி அவசரம் உனக்கு?

மெயினை அணைத்தாலும் தண்ணீர் மோட்டார் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திறக்கலாம் என்றேன். போன வாரம், முதல் நாள், ஜன்னலோரப் படுக்கையில் அம்மா. நான் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். கரண்ட் போகவே இல்லை. நம் ஊர்க் கரண்ட், போ என்றால் போகுமா? அம்மாதான் கையைக் காட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ரெண்டு வாரந்தான தள்ளிப்போட்ட, அதுக்கு ஏன்டி இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிற? எம்மக இருந்திருந்தா ரெண்டு மாசம் இழுத்திருப்பா" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நர்ஸ் பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இனி அம்மாவின் டயாலிசிஸ் நாட்களில் ஆட்டோவில் அவர் பக்கத்தில் நான் இருப்பேன், போகும்போதும் வரும்போதும். இது சத்தியம்.

உன் அம்மா வயிற்றில் பிறக்காத மகள்,
ஈஸ்வரி