வெடித்த கைக்கு மண் வேண்டாம்

சங்கரன்கோவில்,
மார்கழி மாதம்.

அன்பு மகன் வெங்கடேசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைக்காதே, மன்னித்துக்கொள். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் சரிம்மா சரிம்மா என்று நீ வைத்துவிடுகிறாய், எனக்கும் பேச ஆரம்பித்தால் பாதி விஷயம் விட்டுப்போகிறது. இ-சேவை மையத்தில் நாள் முழுவதும் ஊராருக்கு மனு தட்டிக்கொடுக்கிறேன், எனக்காக ஒன்று கேட்கச் சொன்னால் மட்டும் வாய் வராது. நம் குடும்பத்திலேயே முதலில் காலேஜ் முடித்தவள் என்று என்னைப் பற்றிப் பெருமை பேசுகிற உன் அப்பாவுக்கு இது ஒரு தீராத குறை. இங்கே நான், அப்பா, அத்தை மூன்று பேரும் நல்ல சுகம். நீ சுகமா என்று கேட்பதைவிட உன் கை சுகமா என்றுதான் கேட்க வேண்டும். இதோடு அனுப்புகிற பார்சலைப் பிரித்ததும் மற்றதை எல்லாம் எடுக்காமல் முதலில் இதைப் படித்துவிடு, எழுதும்போதே எனக்குப் பரபரப்பாக இருக்கிறது, அவ்வளவு சந்தோஷமான சேதி வைத்திருக்கிறேன்.

போன மாதம் நீ அனுப்பிய போட்டோவை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை. விரல் கணுவெல்லாம் வெடித்து, வெடிப்பில் ரத்தக் கோடு. சிம்லாக் குளிர், அதோடு நாள் முழுக்க ஹோட்டல் அடுப்படியில் தண்ணீரும் சோப்பும், பிறகு தோல் என்ன செய்யும். ரத்தம் கசிகிற கையை மாவில் வைக்கக் கூடாது என்று உங்கள் செஃப் உன்னை ரொட்டிப் பிரிவிலிருந்து எடுத்துச் சாமான் அறையில் போட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. ஜனவரிக் கடைசியில் பயிற்சிக்கு வந்தவர்களில் யாரை நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வார்கள், அதற்குள் கை ஆறியிருந்தால்தான் உனக்கு ரொட்டிப் பிரிவு என்று அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் நீ அப்பாவிடம், இந்தக் குளிர் எனக்கு ஒத்துக்காதுப்பா, பேசாம வந்துருதேன் என்று சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ராஜபாளையம் பேக்கரிக்கடை ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை நீ.

இதற்கு நடுவில்தான் ஆறுமுகத்தாய் அத்தை நம் கோவில் புற்றுமண்ணைப் பொட்டலம் கட்டி உனக்கு அனுப்பினாள். தோலில் என்ன கோளாறு வந்தாலும் நம் ஊரில் முதலில் அந்த மண்ணைத்தானே தேடுவார்கள், அவள் அனுப்பியதும் பாசத்தில்தான். நல்லா கட்டியா அப்புல, காயுத வரைக்கும் கழுவாத என்று அவள் போனில் சொன்னதைக் கேட்டு நீ வெந்நீரில் குழைத்து இரண்டு கையிலும் அப்பி, ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து காயவைத்து, அப்புறம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறாய். அதுவும் காலையும் மாலையும். வெடிப்பு மணிக்கட்டு வரை ஏறிவிட்டது என்று நீ சொன்ன அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம் ஊருக்கு வருகிற தோல் டாக்டர் ஷிரின் பானுவிடம் நான் போனேன். பிறகு உனக்கு மெசேஜ் போட்டேன், ஆனால் போன கதையைச் சொல்லவில்லை. டோக்கன் கொடுக்கிற பெத்துராஜ் அண்ணாச்சி பேஷண்ட் பேரு என்ன என்றார், வெங்கடேஷ் என்றேன், ஆளு எங்க என்றார், சிம்லாவுல இருக்கான் என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அப்போ டோக்கன சிம்லாவுக்குத் தபால்ல அனுப்பட்டுமா என்று அவர் கேட்க, பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். வேறொரு நாளாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருப்பேன். அன்றைக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, ஆளு வர முடியாது அண்ணாச்சி, கை மட்டும் வந்திருக்கு என்று போனை நீட்டினேன். போட்டோவைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது, உள்ள போங்க தாயி என்றார்.

டாக்டர் போட்டோவைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். நேர்ல பாக்காத கைக்கு மருந்து எழுத மாட்டேம்மா, பழக்கத்தச் சொல்லுதேன், கேட்டுக்கோங்க என்றார். மண்ணைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கோயில் மண்ண நான் குறை சொல்ல மாட்டேன், அத நெத்தியில வச்சுக்கிடட்டும், வெடிச்ச கையில மண்ணோ கடலமாவோ எது காஞ்சாலும் இருக்குத ஈரத்தையும் அதுவே இழுத்துக்கிடும் என்றார். வெந்நீரும் அப்படித்தானாம், குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோலில் இருக்கிற எண்ணெய் எல்லாம் போய்விடும், வெதுவெதுப்பாக ஊற்றிச் சீக்கிரம் குளித்து முடி. சோப்பு வாசனை இல்லாததாக இருக்கட்டும். துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உடம்பில் ஈரம் இருக்கும்போதே, மருந்துக்கடையில் வறண்ட தோலுக்கென்று விற்கிற வாசனையில்லாத க்ரீமைத் தடவு, காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பலன்தான். ஒவ்வொரு முறை கை கழுவின பிறகும் தடவ வேண்டும், அலுத்துக்கொள்ளாதே. படுக்கப் போகும்போது கையில் வாசலினைக் கனமாகப் பூசி அதன்மேல் பருத்திக் கையுறை. கம்பளிச் சட்டைக்கு உள்ளே பருத்திச் சட்டை, கம்பளி நேராக உடம்பில் பட்டால் அரிப்பெடுக்கும். ஹீட்டரை ஒட்டி உட்காராதே. க்ரீம் எரிந்தாலோ வெடிப்பில் சீழ் வைத்தாலோ அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

இதை எல்லாம் அன்றைக்கே மெசேஜில் போட்டதற்கு நீ அனுப்பிய பதில் எனக்கு மறக்காது. ஆம்பளைக்கு எதுக்கும்மா க்ரீம், ரூம்ல எல்லாரும் சிரிப்பானுவ என்று. சரி, ஆம்பளைக்குப் பலிக்குமா என்று ஒரு ஆம்பளையிடமே பார்த்துவிடுவோம் என்று உன் அப்பாவைப் பிடித்தேன். அவர் குதிகால் உனக்குத் தெரியும், கரிவலம்வந்தநல்லூர்ப் பிஞ்சைக் காட்டில் வெறுங்காலோடு நடந்து நடந்து ஒரு ரூபாய்த் துட்டைச் செருகி வைக்கலாம், அவ்வளவு வெடிப்பு. கால் கழுவிய ஈரத்தோடு நான் அதே க்ரீமைத் தடவி, உன் பழைய பள்ளிக்கூடச் சாக்ஸை மாட்டிவிட்டேன். ஏட்டி, எருமைக்குப் பூசுத மாதிரி பூசுதியே, யாராவது வந்துறப்போறாவ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாள் கழித்து அவரே, அந்த டப்பாவ எங்கட்டி வச்ச என்று கேட்டுக்கொண்டு வருகிறார். நான் சொன்ன சந்தோஷச் சேதி இதுதான், இப்போது குதிகாலைப் பார்த்தால் நீ நம்ப மாட்டாய், ஆழமான ஒன்றிரண்டு தவிர எல்லாம் மூடிக்கொண்டது, விரலால் தடவினால் சொரசொரப்பே இல்லை. நேற்று டீக்கடையில் செருப்பைக் கழற்றி நாலு பேரிடம் காட்டிவிட்டு வந்திருக்கிறார். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன், அறையில் சிரிக்கிறவர்களிடமும் காட்டு.

அத்தைக்கு டாக்டர் சொன்னது முதலில் பிடிக்கவில்லை. சாமி மண்ணுக்கே சீட்டுக் கிழிக்காளா அந்த டாக்டரு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தம்பியின் குதிகாலைப் பார்த்ததும் அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து உனக்குக் கையுறை தைக்க உட்கார்ந்துவிட்டாள். கட்டைவிரல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, யாருடைய கையை நினைத்துக்கொண்டு தைத்தாளோ, இருந்தாலும் போட்டுக்கொள், மனசு நோகும். பார்சல் கட்டும்போது பார்க்கிறேன், கையுறைக்குள் மறுபடியும் ஒரு மண் பொட்டலம். எடுத்தால் சண்டை வரும் என்று, நெற்றிக்கு மட்டும் என்று எழுதி ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

சங்கரநாராயணரும் கோமதி அம்பாளும் உன் கையைத் தொட்டுக் காப்பாற்றட்டும். வேளைக்குச் சாப்பிடு, தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடி, கை ஈரமாக இருக்கும்போதே தடவ மறக்காதே.

இவ்வளவு நேரம் எழுதியும் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. பொங்கலுக்கு வர நீ டிக்கெட் போட்டிருப்பதாகவும், திரும்பிப் போக டிக்கெட் போடவில்லை என்றும் அத்தை மகன் கோகுல் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அப்பா உனக்காகக் கரும்புக்குச் சொல்லிவைத்துவிட்டார், நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. இங்கே வந்தால் நம் ஊர் வெயிலுக்கு உன் கை தானாக ஆறிவிடும், அது எனக்குத் தெரியும். ஆறின கையோடு நீ திரும்பிப் போக மாட்டாய் என்பதும் தெரியும். அது அங்கேயே ஆறட்டும் ஐயா. அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு, இந்தப் பொங்கலுக்கு வராதே.

உன் அம்மா,
கா. கோமதித்தாய்